காரணம் சார் போட்ட பூட்டு

உலகத்தில் யார் எதை மாற்றினாலும் ஏன் என்று கேட்கும் உரிமை தனக்கு உண்டென்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் காரணம் சார்தான். மீசையை எடுத்துவிட்டு வந்தால், "காரணம்?" என்பார். டீயை விட்டுக் காபி கேட்டாலும் அதே கேள்விதான்.

எண்பதுகளின் நடுவில், அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அவர் எனக்கு சீனியர். எங்கள் மிஷினை ஓட்டிய சிஸ்டத்தை, அதைச் செய்தவனையும் கடவுளையும் தவிர யாருக்கும் தெரியாது. பைலுக்கு ஆறெழுத்துக்கு மேல் பெயர் வைத்தால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். புரோகிராமைத் திருத்தினால் பழையது போனது போனதுதான்.

சாருக்கு அது பொறுக்கவில்லை. யூனிக்ஸ் என்ற பெரிய இடத்து சிஸ்டத்துக்காக யாரோ எழுதிய கருவி ஒன்றை, மெட்ராஸ் போய் அச்சடித்த காகிதக் கத்தையாக வாங்கி வந்தார். யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்று பதிந்துகொண்டு, கேட்டால் பழையதை எடுத்துத் தரும் கருவி. அதை எங்கள் மிஷினுக்கு ஏற்றபடி எட்டு மாதம் வரி வரியாகத் திருப்பி எழுதினார். முடித்த அன்று தன் புரோகிராமைத் தானே கண்டபடி கெடுத்துவிட்டு, ஒரு கட்டளையைத் தட்டினார்.

"பழசு வந்துடுச்சுய்யா! முழுசா வந்துடுச்சு!" என்று கேண்டீன் வரை ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். எதற்கென்று தெரியாமலே சமையல்காரரும் கைதட்டினார்.

ஒருவர் திருத்த எடுத்த பைலை அவரே திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது என்பது அந்தக் கருவியின் விதி. வேலை நிரந்தரமாகாத நான், சூளைக்குப் போகும் கல் கலவையின் புரோகிராமை எடுத்தேன். திருப்பி வைக்க மறந்து, என் நிச்சயதார்த்தத்துக்குத் தா.பழூர் போய்விட்டேன்.

தாம்பூலத் தட்டு கைமாறும் நேரம், பெண் வீட்டு வாசலில் ஆலை ஜீப். வியர்க்க விறுவிறுக்க இறங்கினார் காரணம் சார்.

"வேற குவாரி கல்லு வந்துடுச்சுய்யா. சாயங்காலத்துக்குள்ள கலவைய மாத்தலேன்னா சூளைய நிறுத்தணும். ஒன்ன வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேனேஜர் குதிக்கிறாரு!"

"மாப்ள என்னத்தங்க பூட்டிட்டு வந்துட்டாரு?" என்றார் மாமனாராகப் போகிறவர்.

"பைலுங்க."

"சாவிய வாங்கிட்டுப் போங்களேன்."

"அவரு பேருதாங்க சாவி. ஆளே வரணும்."

ஜீப் பறந்தது. "மறுசாவி ஒண்ணு வெச்சிருக்கலாமே சார்?" என்றேன்.

"வெச்சா ஆளாளுக்குத் தொறப்பானுவ. வேணும்னேதான் வெக்கல."

நெற்றிச் சந்தனத்தோடு உட்கார்ந்து பைலைத் திருப்பி வைத்தேன். சார் கலவையை மாற்றினார். சூளை நிற்கவில்லை. ஆனால் மேனேஜர் விடவில்லை, பதிவை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். படித்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் வைத்துவிட்டுப் போன தாளை நான் எடுத்துப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் சார் எழுதியிருந்தார்: "மறுசாவி வைக்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. பையன் மேல் குற்றமில்லை."

தன் பதிவில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் தூங்காத மனிதர், எனக்காக ஒரு வரி முழுப் பொய் எழுதியிருந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.