வைத்தீஸ்வரன் காருக்கு ஒரு ஃபேன்

ரிச்மண்ட் சர்க்கிள் சிக்னலில் வைத்தீஸ்வரனின் கார் மறுபடியும் கொதித்தது. பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. ட்ராஃபிக் போலீஸ்காரர் குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இட்லி வேகவைக்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஏன் சார், இட்லி பேயிஸ்தா இத்தீரா?”

“சட்னி ஒந்தே பாக்கி,” சட்னி ஒன்றுதான் பாக்கி என்று பக்கத்து சீட்டிலிருந்து அனந்தலக்ஷ்மியும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “ஏன்னா, இதோட மூணாவது தடவை. வர்ற மாசம் பழைய கார் ரேலியில இந்த வண்டி ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நிக்காம போகட்டும், நான் வாயே தொறக்கலை. போகலைன்னா வித்துட்டு மாருதி வாங்கறோம்.”

“போகும்டி! பறக்கும்!” என்றார் வைத்தீஸ்வரன், துண்டால் ரேடியேட்டர் மூடியைப் பிடித்தபடி.

அவர் மாநில அரசில் சூப்பரின்டெண்ட். கார் 1954-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. பாசிப்பச்சை நிறம், தவளைக் கண் விளக்குகள். ஓடும்போது ராஜா, நின்றால் அடுப்பு. ரேடியேட்டரைக் குளிரவைக்கும் ஃபேனுக்கு இரண்டே இரண்டு இறக்கைகள். அதைச் செய்த வெள்ளைக்காரனுக்கு 1998-ஆம் வருஷத்து பெங்களூர் சிக்னல்களைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆஸ்டின் டவுன் ஆம்ப்ரோஸுக்கு போன் போட்டார். பழைய கார் சங்கத்தில் ஆம்ப்ரோஸ் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவரிடமும் இதே மாடல் கார் இருந்தது, மெழுகு போட்டுத் துடைத்து, பளபளவென்று.

“ரெண்டு இறக்கை எப்படி சார் பத்தும்?” என்று ஆம்ப்ரோஸ் உற்சாகமாகக் கத்தினார். “வேன்ல வர்ற ஆறு இறக்கை ஃபேனை மாட்டுங்க. காத்து புயல் மாதிரி வரும்! மாட்டினதும் எனக்கு போன் பண்ணி எப்படின்னு சொல்லுங்க.”

“உங்க வண்டியில எப்படி சார்?”

“நம்ம வண்டியா? அது பாட்டுக்கு இருக்கு சார்!”

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் சமியுல்லா ஆறு இறக்கை ஃபேனை ஒரு தரமும் காரை ஒரு தரமும் பார்த்தார்.

“சாப், இது ரொம்ப பெருசு. இடமே இல்லை.”

“ஆம்ப்ரோஸ் சொல்லிட்டார் பாய். மாட்டுங்க!”

மாட்டினார்கள். புயல் வரத்தான் செய்தது. கார் தெருவில் நுழைந்தபோது ஹெலிகாப்டர் இறங்குகிறதென்று மாடிவீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வைத்தீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டாவது திருப்பத்தில் ஒரு பள்ளம். கார் குலுங்கியது, இறக்கையின் நுனி போய் ரேடியேட்டரை அப்பளம் மாதிரி கீறிவிட்டது. தண்ணீர் மொத்தமும் தெருவில்.

“அடடா, கீறிடுச்சா?” என்றார் ஆம்ப்ரோஸ் போனில். ஏதோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. “அப்ப அது வேண்டாம். எலெக்ட்ரிக் ஃபேன்! அதுதான் சார் இந்தக் காலத்துக்கு! எஞ்சினோட சம்பந்தமே இல்லை. தானா சுத்தும்!”

வைத்தீஸ்வரன் துள்ளி எழுந்தார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை! ரேடியேட்டருக்கு ஒட்டுப் போட்டு, புதுக் கார்களில் வருகிற எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, அடுகோடி சிக்னலில் கம்பீரமாக நின்று சுவிட்சைத் தட்டினார்.

காருக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் பஞ்சு மூட்டையோடு நின்றிருந்தார். மூட்டையின் வாய் சரியாகக் கட்டப்படவில்லை. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ், மைனஸ் இணைப்பு தலைகீழாக இருக்கும். அது நினைவில்லாமல் சமியுல்லா வழக்கம்போல வயர் கொடுத்திருந்தார். ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்றை உள்ளே இழுக்காமல் முன்பக்கமாக ஊதித் தள்ளியது.

அரை நிமிஷத்தில் அடுகோடியில் பனி பெய்தது. பஸ் மேல் பஞ்சு, போலீஸ்காரர் மீசையில் பஞ்சு. வைத்தீஸ்வரன் இறங்கி ஓடி ஓடிப் பொறுக்கினார்.

“என்னையும் கூட்டிண்டு வரக் கூடாதோ? ஒரு தலகாணிக்காவது தேறியிருக்குமே,” என்றாள் அனந்தலக்ஷ்மி.

வயரை மாற்றிக் கொடுத்தார்கள். ஃபேன் சரியான பக்கம் சுற்றியது. எஞ்சின் குளுகுளுவென்று இருந்தது. வைத்தீஸ்வரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஓசூர் ரோட்டில் பறந்தார். நாலாவது மைலில் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி ‘மே’ என்றது. அஞ்சாவது மைலில் அதுவும் இல்லை. ஃபேன் இடைவிடாமல் சுற்றி பேட்டரியை உறிஞ்சிவிட்டது; காரின் பழைய டைனமோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. கல்லூரிப் பையன்கள் எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

“பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குச்சு?” என்று ஆம்ப்ரோஸ் அக்கறையாகக் கேட்டார். “பதினெட்டா? சரி சரி. மனசைத் தளர விடாதீங்க சார், கிட்ட வந்துட்டோம்!”

கிட்ட வந்துட்டோம்! அந்த ‘ஓம்’ வைத்தீஸ்வரனை உருக்கிவிட்டது. இப்படி ஒரு நண்பர் யாருக்குக் கிடைப்பார்?

ரேலிக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆபீசில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பளிச்சென்று பட்டது. ஓடும்போது எதிர்க்காற்றே போதுமே! கழற்றி வைத்த பழைய இரண்டு இறக்கை ஃபேன் மறுபடியும் தன் இடத்துக்கே வரட்டும். முன்னால் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக் ஃபேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சுவிட்ச்! அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து அடுகோடிக்கு ஓடினார்.

அன்று சாயங்காலம் ரிச்மண்ட் சர்க்கிளில் வேண்டுமென்றே ஏழு சிக்னல் நின்று பார்த்தார். சூடு காட்டும் முள் அசையவில்லை. சமியுல்லா பக்கத்து சீட்டிலிருந்து கை தட்டினார். “சாப், பாஸ் ஆயிட்டீங்க!”

செய்தி கேட்டு ஆம்ப்ரோஸே நேரில் வந்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். டேப்பால் ஃபேனை அளந்தார். வயர் போகும் வழியெல்லாம் விரலால் தடவி, டயரியில் படமும் போட்டுக்கொண்டார்.

“பிரமாதம் சார்!” என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். வைத்தீஸ்வரனுக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ரேலியில் நாற்பது கார்கள். ஏர்போர்ட் ரோட்டில் வெயில் கொளுத்தியது. பெரிய பெரிய அமெரிக்கக் கார்களெல்லாம் ஓரம்கட்டி வாயைப் பிளந்து நின்றன. பாசிப்பச்சைக் கார் சிக்னலுக்கு சிக்னல் சுவிட்சைத் தட்டி, துளி ஆவி இல்லாமல் ஒயிட்ஃபீல்டைத் தொட்டது. பின்னாலேயே ஆம்ப்ரோஸின் காரும் ஜம்மென்று வந்து நின்றது. அனந்தலக்ஷ்மி சொன்ன சொல்லைக் காப்பாற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் இறங்கும்போது பானெட்டை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். முதல் பரிசு கிடைத்திருந்தால்கூட வைத்தீஸ்வரன் இவ்வளவு பூரித்திருக்க மாட்டார்.

சாயங்காலமே மைசூர்பாக் பெட்டியோடு இருவரும் ஆஸ்டின் டவுன் போனார்கள். ஆம்ப்ரோஸ் சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா என் வண்டி ஓடியிருக்காதும்மா,” என்று வைத்தீஸ்வரன் தழுதழுத்தார். “ஒவ்வொரு தடவையும் அவர்தான் யோசனை சொன்னார். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

“ஐயோ, நாங்கதான் சார் உங்களுக்குச் சொல்லணும்!” என்றாள் அந்த அம்மாள், பெட்டியை வாங்கிக்கொண்டு. “எங்க வண்டி நாலு வருஷமா ஷெட்டை விட்டு நகராம கிடந்து இன்னிக்குத்தான் வெளியில வந்துச்சு. ‘எல்லாத்தையும் முதல்ல வைத்தி சார் வண்டியில மாட்டிப் பார்க்கட்டும், வெடிக்கலைன்னா நம்ம வண்டியில மாட்டிக்கலாம்’னு இவரு சொல்லிட்டே இருந்தாரு. இப்ப பிரேக்குக்கு என்னமோ புதுசா யோசிச்சு வெச்சிருக்காரு, காலையில முதல் போன் உங்களுக்குத்தானாம்!”