சத்திரத்தில் உட்கார வைக்கப்பட்ட அத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்கட்டும். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அக்காவின் கால் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, நன்றாகவே நடக்கிறாள், அந்த மட்டில் கடவுள் புண்ணியம். மற்றபடி இந்த வீட்டில் என்னென்ன கெட்டுக் கிடக்கிறதோ அத்தனைக்கும் நீதான் பொறுப்பு என்பதை மரியாதையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தவளைப் பார்க்க வந்தாய். நல்லது. பார்க்க வருகிறவன் பழம் வாங்கி வருவான், ரொட்டி வாங்கி வருவான். நீ உள்ளங்கையில் அடங்குகிற ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தாய். அதற்குள் ஜப்பான்காரன் செய்த ஏதோ ஒரு கதை விளையாட்டு. பொழுது போகும் என்று அவள் கையில் திணித்துவிட்டு நீ பாட்டுக்கு ரயிலேறிவிட்டாய். அன்றைக்குப் போனதுதான் என் நிம்மதி.

முதலில் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மாணவர்களை அனுப்பிவிட்டு, காரை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தால், திரையில் வீட்டு உயரத்துக்கு ஒரு பூதம் நிற்கிறது. எதிரே வரிசையாக நாலு பேர். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பூதம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது, உன் அக்கா சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். பெட்டி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். இல்லையாம், இது முறை வைத்து ஆடுகிற ஆட்டமாம். இவர்கள் முறை வந்தால் இவர்கள் அடிப்பார்கள், அதன் முறை வந்தால் அது அடிக்கும், இவள் ஒரு முடிவுக்கு வரும்வரை அது விரலைக்கூட அசைக்காதாம். இது என்ன சண்டை, சொல்லு. நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். எதிரே லாரி வரும்போது கொஞ்சம் இரு, யோசித்துச் சொல்கிறேன் என்றால் லாரி நிற்குமா? இதை அவளிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? இப்ப என் முறை" என்றாள். பேச ஆரம்பித்தாள். நடுவில் நான் வாயைத் திறந்ததற்குக் கையைக் காட்டி நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு பேச்சைத் தொடங்கினால் நான்தான் முடித்துக் கொடுப்பேன். பாவம், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று செய்துவந்த உதவி. அதற்கு இந்த மரியாதை.

இதோடு விட்டாளா? அந்த ஆட்டத்தில் கூட வருகிறவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாமாம். தலைவி அவளேதான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாள் வீசுகிறவன் நீ. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறுகிற நீ, வாள் வீசுகிறாய். மந்திரம் போடுகிறவள் அவளுக்குக் கால்பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி பெண். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிற வைத்தியர் எங்கள் வீட்டுப் பூனை. பூனை, மைத்துனா. சோபாவைக் கிழிப்பதைத் தவிர ஒரு தொழிலும் தெரியாத பூனை. நான் எங்கே என்று கேட்டேன். இருக்கிறீர்களே என்று எதையோ அமுக்கிக் காட்டினாள். சண்டைக்குச் சேர்க்காதவர்களை உட்கார வைக்கிற ஒரு சத்திரம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் தொப்பையும் மீசையுமாக ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேல் 'பிரேக்' என்று பெயர். பெயருக்குக் கீழே, ஒன்றாம் நிலை. மற்றவர்கள் எல்லாம் சண்டை போட்டுச் சண்டை போட்டு முப்பதைத் தாண்டிவிட்டார்கள். பூனை முப்பத்திரண்டு.

எனக்கு மானம் ரோஷம் இருக்கிறதா இல்லையா? என்னையும் சேர்த்துக்கொள் என்று நின்றேன். உன்னைச் சத்திரத்தில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனாள், என் முறை வந்ததும் பெட்டியை என் கையில் கொடுத்தாள். நான் அடி என்பதை அமுக்கினேன். பூதம் திருப்பி அடித்தது, செத்தேன். பூனை என்னை எழுப்பியது. மறுபடி அடி, மறுபடி செத்தேன். எழுப்பி எழுப்பியே பூனையிடம் இருந்த மருந்தெல்லாம் தீர்ந்து, கடைசியில் குடும்பத்தோடு செத்துப்போனோம். காலையிலிருந்து அவள் ஆடியதெல்லாம் வீண். அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "தற்காப்புன்னு ஒண்ணு அங்கயே இருக்கு. நீங்க ஒரு தடவைகூட அதைத் தொடலை" என்று சொல்லி, என்னைப் பழையபடி பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறேன். மறுநாள் காலை அவள் சொல்கிறாள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். யாரிடம்? எதிர்த்தெருவில் இன்னொரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிற மஞ்சள் போர்டுக்காரனிடம். அவனிடம் படித்தவர்கள் சொந்த வீட்டுக் கேட்டையே இடித்துத் தள்ளுகிறவர்கள். பயிற்சிப் பள்ளிக்காரன் மனைவி எதிராளி காரில் தெருத் தெருவாகப் போனால் நாளைக்கு என்னிடம் எவன் வருவான்? என் பிழைப்பு என்ன ஆவது? ஏன், நான் சொல்லித்தரவில்லையா? தந்தேன். மூத்தவன் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தந்தேன். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் என் காலடியில் தனி பிரேக் இருக்கிறது, உனக்குத் தெரியும். அவள் கியரைத் தொடுவதற்கு முன்னால் நான் பிரேக்கை மிதித்தேன், திருப்பம் வருவதற்கு முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், எல்லாம் அவள் பத்திரத்துக்காகத்தான். அவள் நடுவழியில் இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை பஸ்தான். அதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீயே நியாயம் சொல்லு:

"அந்தப் பூதம் என்னைக் கொல்ல வந்ததுங்க. அதுவே நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்குது. நீங்க என்னைக் கட்டிக்கிட்டவரு. உங்களால நிக்க முடியலையே."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் வேறு காத்துக்கொண்டிருந்தாள், என் முறையாம். வந்த ஆத்திரத்தில் பெட்டியின் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டுபோய் கார் டிக்கியில் ஜாக்கிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன்.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டவுடன் நீ புறப்பட்டு வந்து, கொடுத்த பெட்டியை உன் கையாலேயே திரும்ப எடுத்துப்போக வேண்டியது. மஞ்சள் போர்டுக்காரனிடம் போகாதே என்று உன் வாயாலேயே அக்காவிடம் சொல்ல வேண்டியது. இல்லையென்றால் உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். உனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. மஞ்சள் போர்டுக்காரனிடம் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை என் காரில் உட்கார்ந்து பார் என்று நானே கேட்டேன். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டால் வருகிறேன் என்றாள். என் உடம்புக்கு அந்தச் சீட்டில் சம்மணம் போடுவது என்னவென்று உனக்குத் தெரியாது. சந்தை முனைத் திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கால் துடிக்கிறது, கட்டை விரலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், யோசித்தாள், சாவியைத் திருப்பினாள், திருப்பத்தை எடுத்தாள். என்னிடம் படித்த ஒரு பயலும் அதை அவ்வளவு அழகாக எடுத்ததில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லித் தொலைக்காதே. மஞ்சள் போர்டுக்காரனை அவளே வேண்டாமென்றுவிட்டாள், அதனால் நீ வர வேண்டியதில்லை. சார்ஜர் மட்டும் ஜாக்கிக்கு அடியில் நசுங்கிப்போயிற்று, புதிதாக ஒன்றை உடனே கூரியரில் அனுப்பு, பெட்டியில் உயிர் கொஞ்சம்தான் இருக்கிறது. பூனையை விட முடியாது என்று அவள் சொல்லிவிட்டதால் உன்னைத்தான் சத்திரத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அடுப்புப் பக்கம் கதகதப்பாகத்தான் இருக்கும். நேற்று ஒரு சண்டை முழுக்கத் தற்காப்பை மட்டுமே அமுக்கிக்கொண்டிருந்தேன், ஜெயித்தோம். அத்தான் இப்போது இரண்டாம் நிலை.