கணு அண்ணையின் வீட்டுக் கதவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கணு அண்ணையின் கை படாத பழைய கதவு ஒன்று இருக்குமானால், அந்த வீட்டு நாய் பொல்லாத நாய் என்று அர்த்தம்.

மானிப்பாயில் நான் வேலை செய்யும் சின்ன அலுவலகத்தில், கட்டப்போகும் வீடுகளைக் கொம்பியூட்டரில் அச்சொட்டாகக் காட்டுவோம். அதில் கதவு, யன்னலுக்கெல்லாம் மரத்தின் நிறமும் வரியும் கொடுப்பது அண்ணையின் வேலை. மென்பொருளிலேயே மரப்படங்கள் உண்டு. விசையை ஒருதரம் தட்டினால் தேக்கு, மறுதரம் தட்டினால் முதிரை. அண்ணைக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"உது மரமோ? நாலு பலகையிலும் ஒரே இடத்திலை ஒரே கணு! ஒரு தாய் பெத்த பிள்ளையளே ஒரு மாதிரி இல்லை."

ஆகவே உண்மை மரத்தைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவார். காய்ந்த மரத்தில் வரி தெரியாதாம், எண்ணெய் பூச வேண்டுமாம். அரியாலையில் ஒருநாள் விடியற்காலை யாரோ வீட்டுக் கதவில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கார அம்மா தும்புத்தடியோடு வந்துவிட்டார்.

"ஐயோ, ஓடி வாங்கோ! எங்கடை கதவுக்கு ஆரோ செய்வினை செய்யிறான்!"

"கத்தாதேங்கோ அக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, உங்கடை நிழல் விழுகுது."

இப்படி ஒரு கதவுக்கு ஒரு கிழமை எடுத்தால் எந்த முதலாளி பொறுப்பார்? குருநகர்ச் சம்மாட்டி ஒருவர், சொந்தமாக மூன்று படகு வைத்திருப்பவர், மகளுக்குக் கட்டும் வீட்டுப் படத்தைப் பார்க்க வரவிருந்தார். "இது அவருக்குப் பிடிக்கேல்லையெண்டால் நாளைக்கு நீர் வரத் தேவையில்லை" என்று முதலாளி அண்ணையிடம் சொல்லிவிட்டார்.

சம்மாட்டி வந்தார். திரையில் வாசல் கதவைக் கண்டவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவின் நடுவில் இருந்த கணுவை விரலால் தடவினார்.

"தம்பி, இதிலை ஒரு பாரைமீன் நீந்துது. எனக்கு இந்தக் கதவுதான் வேணும். மீன் இல்லாத கதவு வேண்டாம்."

முதலாளி முகம் வெளிறிவிட்டது. எந்த மரக்காலையில் போய் மீன் போட்ட பலகை கேட்பது? அண்ணையோ பதறவில்லை.

"நாளைக்குக் கொண்டு வாறன்" என்றார்.

மறுநாள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கதவு வந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடி அண்ணையும் வந்தார்.

"எங்கை அண்ணை எடுத்தனீங்கள்?"

"என்ரை வீட்டு வாசல் கதவு. இதைப் பார்த்துத்தானே செய்தனான். வேலை போனால் வேறை ஆர் என்னை ஒரு கணுவுக்கு ஒரு கிழமை இருக்க விடுவினம்?"

"அப்ப உங்கடை வீட்டுக்குக் கதவு?"

"அதுதான் படம் இருக்குதே!"

பகிடி என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால், வாசலில் தகரம் அடித்து, அதே கதவைச் சரியான அளவில் பிளெக்ஸில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார். தட்டினால்தான் குட்டு வெளிப்படும், டங் என்று.

சம்மாட்டியின் மகள் இன்று வருகிறவர்களுக்கெல்லாம் மீனைக் காட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுக்கிறாள். அதைப் பார்த்து நாலைந்து வீட்டுக்காரர் எங்களிடம் வந்துவிட்டார்கள். முதலாளி இப்போது கிழமைக் கணக்குப் பார்ப்பதில்லை. அண்ணைக்குப் புதுக் கதவு போட்டுத் தருவதாகவும் சொல்லிவிட்டார். அண்ணைதான் இன்னும் சம்மதிக்கவில்லை. பார்த்த பலகை ஒன்றிலும் கணு சரியில்லையாம்.

மாரி வரப்போகிறது, தகரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எனக்கு மனம் கேட்கவில்லை. மருதனார்மடம் போகிற வழியில் மரக்காலையைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுகிறேன். என் பையிலும் இப்போது ஒரு சின்ன நல்லெண்ணெய்ப் போத்தல் கிடக்கிறது.