பேனாவில் சார்ஜ் இருக்கிறதா?

அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது மட்டும் முழு உயிரோடு இருக்கும் மனிதர்கள் ஓர் இனம். பெட்டிக்குள் என்ன இருந்தாலும் சரி, அது உலகத்தை மாற்றப் போகிறது என்று இவர்கள் சத்தியம் செய்வார்கள். உலகம் மாறியதா என்று பார்க்க மட்டும் நிற்க மாட்டார்கள். அதற்குள் அடுத்த பெட்டி வந்திருக்கும். உங்களுக்கும் இவர்களில் ஒருவரையாவது தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர் ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர். பள்ளியில் அவருக்குப் பெயர் அப்டேட் சார்.

அவருடைய வாழ்க்கையின் பொற்காலம் ஒரு திங்கட்கிழமை காலை முப்பது டிஜிட்டல் பேனாக்களாக வந்து இறங்கியது. பார்க்கக் கொஞ்சம் குண்டான பேனா, அவ்வளவுதான். ஆனால் முனைக்குப் பக்கத்தில் மிளகளவு கேமரா. கூடவே வரும் தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடிப் புள்ளிகள். ஒரு தாளின் புள்ளி வரிசை இன்னொரு தாளில் இருக்காது. அதை வைத்துத்தான் எந்தத் தாள் எந்தப் பிள்ளையுடையது என்று கணினி அடையாளம் காணும். பிள்ளை எழுத எழுத, எழுத்து சுவரிலிருக்கும் திரையில் வந்து விழும்.

"இது வெறும் பேனா இல்ல சார். பிள்ளையோட மூளையையே திறந்து காட்டும்!" என்றார் வரலாற்று ஆசிரியரிடம்.

"என் மூளையைக் காட்டிடாதீங்க, பிழைப்பு போயிடும்" என்று அவர் நகர்ந்துகொண்டார்.

அப்டேட் சார் விடுவாரா? ஓய்வறையில் ஒரு யானை வரைந்து காட்டினார். வாசல் காவலரிடம் கையெழுத்து வாங்கித் திரையில் போட்டார். வீட்டுக்கு ஒரு பேனாவையும் பத்துத் தாள்களையும் கொண்டுபோய் மனைவியைக் கடைச் சாமான் பட்டியல் எழுத வைத்தார். "எழுதிட்டேன், சரி. கடைக்கு யாருங்க போறது?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு இவருடைய பதில், "அதை விடு, பேனால சார்ஜ் எவ்வளவு இருக்கு பாரு."

வகுப்பிலும் அதே கதைதான். அந்த வாரம் அவர் நடத்த வேண்டியது பின்னக் கூட்டல், மூன்று பாடவேளை. முதல் வேளை பேனாவை எப்படிப் பிடிப்பது என்பதில் போனது. இரண்டாவது, மூடியை எப்படி மூடுவது என்பதில். மூன்றாவதில் கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், கீழ ரெண்டு நம்பரும் வேற வேறயா இருந்தா எப்படி சார் கூட்டறது?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி. உன் பேனால சார்ஜ் இருக்கா?"

இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் பேனாக்கள் இந்தப் பள்ளிக்கே சொந்தம். இல்லையென்றால் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், எல்லாப் பள்ளிகளுக்கும் பேனாப் பயிற்சி கொடுக்க ஒருவரை அவர் தேர்ந்தெடுக்கப் போகிறார். அந்த நாற்காலியில் அப்டேட் சார் மனதளவில் புதன்கிழமையே உட்கார்ந்து சுழன்று பார்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தாள் கட்டைத் திறந்தால், மிச்சம் ஒரே ஒரு தாள்! யானையும் கையெழுத்தும் சாமான் பட்டியலும் வகுப்பில் பிள்ளைகள் கிறுக்கிப் பார்த்ததுமாக மற்றதெல்லாம் தீர்ந்திருந்தது. அலுவலக எழுத்தர் அம்மாவிடம் ஓடினார்.

"முப்பது ஜெராக்ஸ் போடுங்கம்மா, சீக்கிரம்."

"சார், நகல் எடுக்கக் கூடாதுன்னு கையேட்டுல முதல் பக்கத்துலயே போட்டிருக்கே..."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுக்குப் போடறதும்மா."

இந்த இனம் கையேடு படிக்காது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரைப் படிக்கச் சொல்லும்.

அதிகாரி முன் வரிசையில் அமர்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை. "அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டுக. விடையைத் தாளின் அடியில் உள்ள கட்டத்துக்குள் எழுதுக" என்று அப்டேட் சார் கணீரென்று கணக்கைச் சொன்னார். முப்பது பேனாக்கள் குனிந்தன. "இப்போ பாருங்க, ஒவ்வொரு பிள்ளையோட விடையும் தனித்தனியா..." என்று திரையை நோக்கிக் கையை வீசினார்.

தனித்தனியாக வரவில்லை. முப்பது நகலும் கணினிக்கு ஒரே தாள்தானே? முப்பது பிள்ளைகளின் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுந்தது. திரையில் ஒரு கறுப்புப் புதர் வளர்ந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அப்டேட் சார் முன் பெஞ்சுப் பையனின் பேனாவை வாங்கித் தட்டினார், உதறினார், கடைசியில் ஊதிக்கூடப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். கீழே விடைக் கட்டத்துக்குள் மட்டும் புதர் இல்லை. பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே எண்ணை எழுதியிருந்ததால், தார் பூசினாற்போல் தடித்து நின்றது: ஐந்தில் இரண்டு. மேலே இருந்ததை மேலே, கீழே இருந்ததைக் கீழே கூட்டி வைத்திருந்தார்கள், வகுப்பே ஒற்றுமையாக.

"பேனா நல்லாத்தான் வேலை செய்யுது. பின்னம் நடத்தினீங்களா சார்?" என்றார் மெதுவாக.

கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "மிஸ், நான் ஆறில் அஞ்சுன்னுதான் எழுதினேன். எல்லாருக்கும் அடியில மாட்டிக்கிச்சு."

"உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்க அக்கா."

அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அப்டேட் சாருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. அன்று வகுப்பில் அந்தப் பெண் கேட்டது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. அதிகாரி எழுந்து போவதற்குக்கூடக் காத்திராமல் ஒரு நகல் தாளை எடுத்தார். இரண்டாக மடித்தார், பிரித்தார், குறுக்குவாட்டில் மூன்றாக மடித்து மறுபடி பிரித்தார். "ஆறு கட்டம் தெரியுதா? இதுல பாதின்னா எத்தனை கட்டம்?" முப்பது பிள்ளைகளும் மடித்தார்கள். கால் மணி நேரத்தில் வகுப்பு முழுக்க ஆறில் ஐந்து.

வகுப்புக்கு எது வரவில்லை என்று பளிச்சென்று காட்டியதில் அதிகாரிக்குப் பிடித்துப்போய், பேனாக்கள் பள்ளிக்கே கிடைத்தன. பயிற்சி கொடுக்கும் பொறுப்பு? அது எழுத்தர் அம்மாவுக்குப் போனது. கையேட்டைப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்டேட் சார் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பதினொரு நாள் திருந்தியிருந்தார். பன்னிரண்டாம் நாள் ஓர் அட்டைப்பெட்டி வந்தது.

நன்றாகச் சிரித்தீர்களா? சரி, பிள்ளை படிக்கட்டும் என்று நீங்கள் ஆசையாக வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதன் திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வீர்கள். பிள்ளைக்கு எந்தக் கணக்கு வரவில்லை? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கத்தானே எழுந்தீர்கள்?