எண் அதே, கம்பெனி வேறு

கைபேசி நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழையல்ல, கண்டிக்கத்தக்க பிழை. பழைய நிறுவனத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் அவர்கள் கோடு என்று ஒரு ரகசியக் குறியீட்டை அனுப்புவார்கள். அதைப் புது நிறுவனத்திடம் கொடுத்தால் சிம் மாறும், கட்டணம் மாறும், "நீங்கள் அழைக்கும் நபர்" என்று ஆரம்பிக்கும் அந்தப் பெண்ணின் குரல்கூட மாறும். எண் மட்டும் இம்மியும் மாறாது. வீட்டில் வேறு என்னென்ன மாறும் என்பதை எந்த நிறுவனமும் விளம்பரம் செய்வதில்லை.

பூதக்கண்ணாடி என்று மெக்கானிக்குகள் முதுகுக்குப் பின்னால் அழைக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். மோதி நசுங்கிய கார்களைப் பார்வையிட்டு, காப்பீடு கேட்டு வந்தவர் சொல்வது மெய்யா பொய்யா என்று அறிக்கை எழுதுவது அவர் தொழில். அந்தத் தொழிலில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். "இதைப் பாருங்க சார்" என்று ஒருவன் கதவைக் காட்டினால் கதவைப் பார்க்கக் கூடாது. "அது ஒண்ணுமில்ல சார், விடுங்க" என்று எதைச் சொல்கிறானோ, அதற்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். இந்த விதியைச் சாப்பாட்டு மேஜையில் அடிக்கடி விளக்குவார். மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள். அவருக்கு அவளைவிட நல்ல மாணவி கிடைத்திருக்க முடியாது. அது அவருக்குத் தெரியாது.

விதியை வீட்டிலும் விடவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அவள் சொன்னால், எழுந்து போய் ஜன்னலை ஆராய்வார்.

ஒருநாள் அவள் சொன்னாள்:

"ஏங்க, என் போனை உங்க கம்பெனிக்கு மாத்திக் குடுங்களேன்."

"ஏன்?"

"டவரே இல்லைங்க. சமையலறையில இல்ல, ஹால்ல இல்ல, மாடியிலகூட இல்ல. தெருமுனைக்குப் போனாத்தான் மணி அடிக்குது."

"எனக்கு எல்லா இடத்துலயும் கிடைக்குதே."

"அதனாலதான் உங்க கம்பெனிக்குன்னு சொல்றேன்."

"என்ன திடீர்னு?"

"பார்சல் கம்பெனியில வேலை இருக்காம். என் பார்சல் எங்கன்னு கேக்கறவங்களுக்கு வீட்ல இருந்தே பதில் சொல்லணும். என் நம்பரைப் பதிஞ்சுக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள லைன் தெளிவா இருந்தாத்தான் வேலை. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு, நீங்க வந்து கைரேகை வைக்கணும்."

"பார்க்கலாம்" என்றார்.

அவர் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் கோப்பு மூடப்பட்டது என்று பொருள். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி பார்க்கலாம். இன்னொரு தடவை கேட்டாள். "அதான் பார்க்கலாம்னு சொன்னேன்ல?" என்று இம்முறை கோப்புக்குப் பூட்டும் போட்டார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அங்கேதான் வந்தது வினை. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஏன் நிறுத்தினாள்? வேலை வேண்டாமா? வேறு ஏதாவது கிடைத்துவிட்டதா? போதாக்குறைக்குச் சாயங்காலமானால் கையில் போனோடு மாடிக்குப் போகத் தொடங்கினாள். துணி எடுக்கப் போகிறாள் என்று பார்த்தால் துணியெல்லாம் மதியமே மடித்து அலமாரியில் இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தினார். அவள் காதில் போனை வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

"ம்… சொல்லுங்க."

சுவர்வரை நடந்து திரும்பினாள்.

"இல்லல்ல, நீங்க பேசுங்க. நான் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

பூதக்கண்ணாடி தொட்டியோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டினார். இத்தனை வருஷ இல்வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. அடுத்து அவள் சிரித்தாள். சும்மா சிரிப்பல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

கீழே வந்ததும் விசாரணை நடந்தது.

"யார்கிட்ட பேசின?"

"யார்கிட்டயும் இல்லையே."

"சிரிச்சியே?"

"சிரிச்சா வரி கட்டணுமா?"

"காதுல போனை வச்சிக்கிட்டு, எதிர்ல ஆளே இல்லாம ஒருத்தி சிரிப்பாளா?"

"அது ஒண்ணுமில்லங்க, விடுங்க."

விடுங்க! எத்தனை பம்பருக்கு அடியில், எத்தனை டிக்கிக்குள் அவர் கேட்ட சொல் அது! அவர் மெல்ல ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"சரி, உன் நம்பரை என் கம்பெனிக்கு மாத்திடலாமா?"

"ஐயய்யோ, வேண்டாங்க!" என்று அவள் பதறினாள். கரண்டி கீழே விழுந்தது. "எனக்கு இதுவே பழகிடுச்சு. பழைய கம்பெனியே தங்கம்."

"பார்சல் வேலை?"

"அது கிடக்குதுங்க கழுதை. நீங்க எதுக்கு அலையறீங்க?"

போதும். மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தார். வீட்டுக்குள்ளேயே டவர் வந்துவிட்டால் மாடிக்குப் போகச் சாக்கு ஏது? பேசினால் அவர் காதருகேதான் பேச வேண்டும். புது எண் வாங்கலாமா என்று யோசித்து, கூடாது என்று தள்ளினார். எண் மாறினால் எதிராளி உஷாராகி நழுவிவிடுவான். அதே எண் இருக்க வேண்டும். அவன் வழக்கம்போல் கூப்பிட வேண்டும். எடுப்பவர் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இப்படியொரு நோக்கத்துக்காகத்தான் இந்த வசதியையே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது போன் மேஜைமேல் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. அதிர்ஷ்டம் என்று எண்ணி எடுத்தார். அழைப்புகளைப் புரட்டினார். சாயங்கால அழைப்பு ஒன்றுகூட இல்லை. வேறு யாராவது இருந்தால், யாரும் அழைக்கவில்லை போலும் என்று நினைத்திருப்பார்கள். அவர் நிபுணர். 'அழித்திருக்கிறாள்' என்று முணுமுணுத்துத் தலையாட்டினார். பிறகு தெருமுனைக்கு ஓடிக் குறுஞ்செய்தி அனுப்பினார். வந்த கோடை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பினார். அவள் இன்னும் குளித்துக்கொண்டிருந்தாள்.

போன் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். நம்பரை மாத்தாம கம்பெனி மாத்தணுமா?"

"நான் இன்னும் வாயே திறக்கலையே?"

"உள்ளங்கையில கோடு எழுதிக்கிட்டு வேற எதுக்கு சார் வருவாங்க?"

"மாத்தினது, கூப்பிடறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பழைய கம்பெனிக்காரன் அந்தாளுக்குத் தகவல் சொல்லிடுவானா?"

"எந்தாளுக்கு?"

"பொதுவா கேட்டேன்."

கடைக்காரர் கைரேகைக் கருவியை நகர்த்தினார். அவர் வலது கட்டைவிரலை வைத்தார். கருவி நம்பவில்லை. இடது கட்டைவிரலை வைத்தார். அதையும் நம்பவில்லை.

"நீங்க நீங்கதானே சார்?"

"இதென்ன கேள்வி?"

"நான் கேக்கல சார், மெஷின் கேக்குது. விரலைத் துடைச்சிட்டு வைங்க, கிரீஸா இருக்கு."

ஊரையே சந்தேகிக்கும் விரலை வேட்டியில் தேய்த்துத் தேய்த்து வைத்து, ஒருவழியாகத் தாம் தாம்தான் என்று நிரூபித்தார்.

"சில நாள் ஆகும் சார். பழைய சிம்முல டவர் போனதும் புதுசைப் போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. எந்நேரமும் டவர் இல்லாத வீட்டில், டவர் போய்விட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு வழியில்லை. தினமும் காலையில் அவள் போனைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். "எங்க போறீங்க?" என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. உடம்புக்கு நல்லதுதான், இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அதுவும் அவருக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் தெருமுனையிலும் டவர் செத்தது. அங்கேயே நின்று சிம்மை மாற்றினார். ஹாலுக்கு வந்து, போனை மடியில் வைத்து, அதன்மேல் செய்தித்தாளை விரித்துக் காத்திருந்தார். சமையலறையில் அவள் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. அந்த வீட்டில் அந்தப் போன் எழுப்பிய முதல் ஒலி. பாய்ந்து எடுத்தார். ஆண் குரல்!

"அப்பாடா, லைன் கிடைச்சிடுச்சு! தினமும் முயற்சி பண்றேன்…"

"தினமுமா? யாருய்யா நீ?"

"பார்சல் கம்பெனி சார். மேடத்தோட நம்பர்தானே? வீட்டுக்குள்ள லைன் எப்படி இருக்குன்னு பார்க்கணும். இப்ப எங்க நிக்கறீங்க?"

"என் வீட்டு ஹால்ல நிக்கறேன். உனக்கு என்ன?"

"தெளிவா கேக்குது சார். கொஞ்சம் சமையலறைக்குப் போய்ப் பேசுங்க."

ஆளை நழுவவிடக் கூடாது என்று பேச்சைத் தொடர்ந்தபடியே சமையலறைக்கு நடந்தார். "நீ பார்சல் கம்பெனிங்கறதுக்கு என்ன சாட்சி?"

"இங்கயும் அருமையா இருக்கு சார். அப்படியே படுக்கையறை."

"எத்தனை நாளா இது நடக்குது?" என்று படுக்கையறையிலிருந்து கத்தினார்.

"இவ்வளவு சத்தம் வேண்டாம் சார், காது கிழியுது. மூணு அறையும் பிரமாதம். நாளைக்கே வேலையை ஆரம்பிக்கச் சொல்லிடுங்க. ரொம்ப நன்றி சார்."

போன் வைக்கப்பட்டது. அவள் கரண்டியோடு அறை வாசலில் நின்றாள்.

"வேலை கிடைச்சிடுச்சாங்க?"

"அப்போ மாடியில யார்கூட பேசின?"

"மாடியில டவரே இல்லையேங்க."

"டவர் இல்லாம எப்படிப் பேசினே?"

"பேசறதுக்கு வாய் போதும். கேக்கறதுக்குத்தான் டவர் வேணும்."

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்னு சொன்னியே?"

"நாளைக்கு வேலைன்னு வந்தா அதைத்தானே சொல்லணும்? சொல்லிப் பழகிக்கிட்டேன்."

"சிரிச்சது?"

"தொட்டிக்குப் பின்னால உங்க கால் தெரிஞ்சுதுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"மாத்தட்டுமான்னு கேட்டப்ப வேண்டாம்னு அப்படிப் பதறினியே?"

"வேணும்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், நடக்கல" என்றாள் அவள். அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

வேலை நேரம் காலையில், ஹாலில்; அவள் பேசும்போது பக்கத்தில் சத்தம் ஆகாது. அவர் இப்போதெல்லாம் ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டுச் சாப்பிடுவதில்லை, பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்.