வியாழக்கிழமை மட்டும் கேட்காதே

"எந்தக் கிழமை வேணும்னாலும் எடுத்துக்க. வியாழக்கிழமை மட்டும் கேக்காத," என்றார் மேஸ்திரி தோன் ரெமிஹியோ, மாட்டு மடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எவாரிஸ்தோ தலையை ஆட்டிவிட்டு வந்தான். இத்தோடு மூன்றாவது தடவை. அந்தப் பண்ணையில் மேஸ்திரியிடம் காரணம் கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்கத் தேவையும் இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம் அவர் மாட்டுச் சந்தைக்குப் போவார், அந்த நேரத்துக்குக் கறவைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் எவாரிஸ்தோ. சந்தையிலிருந்து மேஸ்திரி இதுவரை ஒரு கன்றுக்குட்டியைக்கூட ஓட்டி வந்ததில்லை. விலை படியவில்லை என்பார்.

எவாரிஸ்தோவுக்கு வேண்டியதோ வியாழக்கிழமைதான். ஊர் ஆஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற அம்மாக்கள் இரண்டு பேர். ஒருத்தி தினமும் இருப்பாள். அவளுக்கு இவன் பாஷையான ஸ்பானிஷ் தெரியாது. ஸ்பானிஷ் தெரிந்தவள் வியாழக்கிழமை மட்டும் பட்டணத்திலிருந்து காரில் வருவாள். அவளைப் பார்க்கச் சுற்றுவட்டாரப் பண்ணை ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் இருந்தார்கள்.

"வேலைக்காரங்களுக்குத் தோதான நேரம்னா சாயந்திரம் நாலு மணிதாங்க," என்று கவுண்டரில் இருந்த பெண் அரைகுறை ஸ்பானிஷில் சொல்லியிருந்தாள். "அதையும் ஒரு ஆளு ரெண்டு வருஷமா விடாமப் புடிச்சு வச்சிருக்காரு. நீங்க ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வந்து உக்காருங்க. எவனாவது வராமப் போனா உங்கள உள்ள அனுப்புறேன்."

லீவுக்குத்தான் வழியில்லையே.

அவனுக்கு வந்த சீக்கு இதுதான். பங்குனி வாக்கில் சொந்த ஊரான சோங்கோலிக்கா மலையில் அவன் அப்பா இறந்துபோனார். எல்லை தாண்டிப் போனால் இந்த நாட்டுக்குத் திரும்பி வரக் காகிதம் இல்லை, போகவில்லை. அடக்கத்தைத் தம்பி போனில் காட்டினான். நாலு பேர் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது மலையில் சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிட்டது. பெட்டி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அன்றிலிருந்து அவன் கண்ணுக்குள் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தூக்கம் போயிற்று. சோள ரொட்டி அட்டை மாதிரி ருசித்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். ஆனால் வேலை முடிந்ததும் கால்கள் அறைக்குப் போகாமல் தொழுவத்துக்குப் பின்னால் இருந்த சாணிக் குட்டைக்குப் போக ஆரம்பித்தன. ஏரி மாதிரி குட்டை அது. மேலே ஆடை கட்டி, நடந்துபோகலாம் போலத் தெரியும். விழுந்த மாடு எதுவும் எழுந்து வந்ததில்லை. அவன் ஓரத்தில் நிற்பான். தினமும் நிற்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது. ஒருநாள் இந்தக் கால் திரும்பாமல் போய்விடுமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது. அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மேஸ்திரியிடம் சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு குவாத்தமாலாக்காரன் தனக்கு நரம்பு படபடப்பு என்று சொல்லப்போக, "நடுங்குற கைக்கு மாடு பால் விடாது," என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். அந்த ஆள் பிறகு அங்கே நிலைக்கவில்லை.

ஆகவே எவாரிஸ்தோ செவ்வாய்க்கிழமை லீவு வாங்கிக்கொண்டு, ஸ்பானிஷ் தெரியாத ஹால்வர்சன் அம்மாவிடம் போனான்.

நல்ல மனுஷி. நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தாள். மொழிபெயர்க்கிற ஆள் வேலையை விட்டுப் போயிருந்ததால், இரண்டு பாஷையும் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிட்டு அனுப்பினாள். தரை துடைக்கிற கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றவள் தோன்யா எல்பிதியா. ஆஸ்பத்திரியைத் துடைப்பது அவளுக்கு வாரநாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபமாலைக் கூட்டத்தை நடத்துவாள். ஜெபத்துக்கு முன்னும் பின்னும் ஊர்ச் சங்கதிகளையும் நடத்துவாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று ஹால்வர்சன் அம்மா கேட்டாள்.

"கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேங்க," என்றான் எவாரிஸ்தோ.

யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். சாவுப் படுக்கையில் அவன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். எல்பிதியா அதை மொழிபெயர்த்தாள். நன்றாக இருப்பவன் ஏன் வந்தான் என்று அந்த அம்மா யோசித்து, அப்படியானால் எங்கே தொந்தரவு என்று மெல்லக் கேட்டாள்.

அவன் எல்பிதியாவைப் பார்த்தான். எல்பிதியாவும் அவனைப் பார்த்தாள், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே அடுப்பு மூட்டுகிறவள் மாதிரி.

"வயித்துலங்க," என்றான்.

சொன்னதுதான் தாமதம், எல்லாரும் சுறுசுறுப்பானார்கள். பக்கத்து அறை டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார். பட்டினி கிடக்கச் சொன்னார்கள். மனசைத் திறக்கப் போனவன், தொண்டை வழியே குழாய் விட்டு, வயிற்றுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அது பெரிய சீக்கு என்று எல்பிதியாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அவன் வயிற்றுக்காக ஜெபித்தார். பெண்கள் சாமந்திப்பூக் கஷாயம் கொண்டுவந்தார்கள். சோளமாவில் அவித்த தமாலே விற்கிற எராக்லியா ஒரு முட்டையை எடுத்து அவன் உடம்பெல்லாம் உருட்டி, தண்ணீரில் உடைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது வயிறு இல்ல. இவன் எதையோ பாத்து மிரண்டுருக்கான். உசுரு ஒடம்ப விட்டுத் தள்ளி நிக்குது," என்றாள்.

எவாரிஸ்தோவின் கண் கலங்கியது. அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இருடி," என்றாள் எல்பிதியா. "டாக்டரே வயிறுன்னு எழுதிட்டாரு. கூட நின்னது நானு."

அறைக்கு வந்தால் அங்கே அவனுக்கு வேறு சமையல். கூட இருந்த பயல்கள் பாசத்தில் மிளகாயை ஒளித்து வைத்துவிட்டு, உப்புச் சப்பில்லாத பீன்ஸை ஊற்றினார்கள். பண்ணையில் அவன் பெயர் வயித்துக்காரன் ஆயிற்று. நாளில் நாக்குக்கு எட்டிய ஒரே சந்தோஷம் மிளகாய். அதுவும் போனது. அன்று குட்டை ஓரத்தில் இருட்டும் வரை நின்றான்.

மறுவாரம் திரும்பவும் போனான். உள்ளூர் ஆள் யாரும் வேண்டாம், முன்பின் தெரியாத ஆளாகப் பாருங்கள் என்று கையைக் காலைக் காட்டிக் கேட்டுக்கொண்டான். ஹால்வர்சன் அம்மா புரிந்துகொண்டாள். மேஜை மேல் ஒரு போனை வைத்து அமுக்கினாள். எங்கேயோ தூரத்தில் இருந்து மொழிபெயர்க்கிற ஓர் ஆண் குரல் ஸ்பானிஷில் வணக்கம் சொன்னது. முகம் இல்லை, துடைக்கிற கட்டை இல்லை. எவாரிஸ்தோவுக்கு மூச்சு லேசாக வந்தது.

"ஐயா, எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கினான். "வேலை முடிஞ்ச பெறகு என் காலு..."

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றது குரல். "இந்தப் பேச்சு சோங்கோலிக்காப் பக்கமில்ல?"

ஆமாம் என்றான். ஊரைக் கேட்ட மனுஷனிடம் பொய் சொல்வது மரியாதை இல்லை.

"அட, என் பொண்டாட்டி ஊருண்ணே அது. நீங்க யாரு மகன்?"

கேட்கக்கூடாதுதான். ஆனால் சொந்த மலைக்காரன் குரலைக் கேட்டுவிட்டு யார் மகன் என்று கேட்காமல் இருக்கிறவனை அந்த மலை பெற்றதில்லை. எவாரிஸ்தோ அப்பா பெயரைச் சொன்னான். பெரியவர் அடக்கத்துக்குத் தன் மாமனார் போயிருந்தார் என்றது குரல். ரொம்பக் கூட்டமாம். மகன் ஒருத்தன் வரவில்லை என்று பேசிக்கொண்டார்களாம்.

ஹால்வர்சன் அம்மா இரண்டு பேர் பேச்சுக்கும் நடுவே சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

"வயிறு சரியாப் போச்சுன்னு சொல்லுங்க," என்றான் எவாரிஸ்தோ.

அவள் முகம் மலர்ந்தது. கை குலுக்கினாள். இனி வரவேண்டிய அவசியம் இல்லை என்று வாசல் வரை வந்து அனுப்பிவைத்தாள்.

அந்த வாரமே ஊரிலிருந்து மனைவி ஒதிலியா போன் செய்தாள். புருஷன் குடலில் கட்டி என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். மாமியார் பன்றியை விற்று நேர்த்திப் பூசைக்குக் கொடுத்துவிட்டு, மண்டியிட்டே மலை ஏறப்போவதாக நிற்கிறாளாம். எவாரிஸ்தோ தன் வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தான்.

ஒதிலியா அழுகையை நிறுத்தினாள்.

"ஒனக்கு வயித்துல ஒண்ணும் இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போன? வேற எவளுக்கு வயிறு?"

அவன் என்ன சொன்னாலும் அதற்குள் அவளுக்கு இன்னொரு பெண்ணின் குரலே கேட்டது. கடைசியில் போனை வைத்துவிட்டாள். இப்போது அவனுக்கு வயிறும் இல்லை, வைத்தியமும் இல்லை, வீடும் இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் கால் நேராகக் குட்டைக்குப் போனது. குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டை மேல் ஆடை கறுத்துத் தடித்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை காலை முன்னே வைத்துப் பார்த்தான். மண் கொழகொழவென்று இருந்தது.

"அங்க என்ன பண்ற?" என்று பின்னாலிருந்து சத்தம்.

தோன் ரெமிஹியோ. கையில் விளக்கில்லை, கம்பில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றார்.

எவாரிஸ்தோவுக்கு இனிமேல் மறைக்க எதுவும் மிச்சமில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குப் போகவேண்டாத ஆள் எதிரே நிற்கவும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வயிறெல்லாம் பொய்யி, தோன் ரெமிஹியோ. எங்கப்பாவ இன்னும் இறக்கல. பெட்டி அந்தரத்துலயே தொங்குது. வேலை முடிஞ்சா காலு இங்கதான் வருது. இன்னிக்கித் திரும்பிப் போகுமான்னு தெரியல."

சொல்லி முடித்ததும் அழுதான். பங்குனியில் அழ வேண்டிய அழுகை. மேஸ்திரி அதட்டவில்லை. பக்கத்தில் வந்து அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். மெல்ல, வழுக்குகிற மாட்டை இழுக்கிற மாதிரி, நான்கு எட்டுப் பின்னால் கூட்டி வந்தார். பிடியை விடவில்லை.

"வியாழக்கிழமை நாலு மணிக்குப் போ," என்றார் பிறகு.

எவாரிஸ்தோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, லீவு கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை என்றான். அந்த நாலு மணியை எவனோ ஒருத்தன் இரண்டு வருஷமாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறானாம், எதுக்கும் வராமல் இருக்க மாட்டானாம் என்றான்.

மேஸ்திரி குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எவனோ நான்தாண்டா. பாதி நேரம் நீ எடுத்துக்க."