சகலையை மிஞ்சியவர்

பற்பசை டியூபின் வயிற்றைக் கத்தரிக்கோலால் கிழித்து, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்தெடுக்கப் போன விற்பனையாளர், கூடவே தன் கட்டைவிரலையும் கிழித்துக்கொண்டார்.

"ஏங்க, அத்தான் பிளேடாலதான் வெட்டுவாராம்!" என்றாள் மனைவி, காதில் போனோடு. மறுமுனையில் அவள் அக்கா.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளராக இருந்த இவருக்குச் சகலை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். கொஞ்ச காலமாக அந்த மனிதருக்குச் சிக்கனப் பைத்தியம் பிடித்திருந்தது. அவர் எதை மிச்சம் பிடித்தாலும் அன்று மாலைக்குள் செய்தி போனில் வந்து சேரும். இவருக்கு வயிறு எரியும்.

கல்யாணமான நாளிலிருந்து சகலைதான் எல்லாவற்றிலும் ஒரு படி மேல். சம்பளம், உயரம், தலைமுடி, எல்லாம். சிக்கனத்திலாவது அவரை முந்தி, 'அத்தானெல்லாம் உங்க பக்கத்துல நிக்க முடியுமா' என்று மனைவி வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். விற்பனையாளருக்கு வேறு ஆசையே இல்லை.

"அத்தான் ஸ்கூட்டரை வித்துட்டு நடந்தே வேலைக்குப் போறாராம். எப்படி இளைச்சுட்டாராம் தெரியுமா!"

மறுநாளே விற்பனையாளர் தன் ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். நடந்ததில் செருப்பு பிய்ந்தது. கடைக்குத் தாமதமாகப் போனதில் அரைநாள் சம்பளம் போனது, அதுவும் வாரம் முழுக்க. இதைப் பற்றி வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை.

"உங்க அக்காகிட்ட சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? வித்த பணத்தை அப்படியே பாங்க்ல போட்டுட்டாருன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அத்தான் இப்ப முடியைக்கூட வீட்டுலயே வெட்டிக்கிறாராம்."

விற்பனையாளர் உடனே கத்தரிக்கோலை எடுத்தார். பின்னந்தலை கண்ணுக்குத் தெரியாததால் தடவித் தடவி வெட்டினார்.

காலையில் முதலாளி அவரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "என்னய்யா இது, எலி கடிச்சுதா? இந்தத் தலையைப் பாத்துட்டு எவன்யா நம்ம கண்ணாடியைப் போட்டுப் பாப்பான்? போய்ப் பின்னாடி ரூம்ல உக்காந்து லென்ஸ் தொடை!"

பின்னறையில் விற்பனையில்லை. விற்பனையில்லாவிட்டால் கமிஷனும் இல்லை. அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. முடி வெட்டிய பெருமையை மட்டும் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "ஆனா அத்தான் மத்தியானச் சாப்பாட்டையே விட்டுட்டாராமே!"

விற்பனையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினி கிடப்பதில் கூடவா ஒருவன் முந்துவான்! இவரும் சாப்பாட்டை விட்டார். சில நாளிலேயே தலைசுற்றி லென்ஸ் தட்டின்மேல் விழுந்தார். உடைந்த அத்தனைக்கும் முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பாங்க்கில் இருந்த ஸ்கூட்டர் பணம் வீட்டு வாடகைக்குப் போனது. சிக்கனம் செய்தே ஒரு மனிதர் ஓட்டாண்டியானார்.

'அந்த ஆளுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுது? ஏதோ சூட்சுமம் இருக்கு. அமுக்கமா வெச்சிருக்கான்' என்று பொருமியபடி, ஒருநாள் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கே நடந்தார்.

வாசலில் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சூப்பர்வைசரைப் பாக்கணும்."

"அவரா? வேலை போயி மாசக்கணக்காச்சே சார். ஆளைக் குறைச்சாங்க. வீட்டுல சொல்லப் பயந்துகிட்டு தினம் கிளம்பி வந்து, இந்த மரத்தடியில உக்காந்துட்டுப் போவாரு."

விற்பனையாளருக்கு ஒரு கணம் குளுகுளுவென்று இருந்தது. அப்படியானால் அது சிக்கனமே இல்லை, வெறும் பட்டினி! ஜெயித்தது நான்தான்! அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். எத்தனை மத்தியானம் அந்த மனுஷன் இங்கே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாரோ.

"பாவம்," என்றார் உண்மையாகவே. "இனிமே என்ன பண்ணுவாரு?"

"இனிமே கவலையில்ல சார்," என்றார் காவலாளி. "சகலை ஒருத்தர் இருக்காராம், அந்த மனுஷன் மாதிரி சிக்கனம் உலகத்துலயே கிடையாதாம், ஏகப்பட்டது சேத்து வெச்சிருக்காராம். கடன் கேக்க இப்பத்தான் அவரு வீட்டுக்குக் கிளம்பிப் போனாரு."